தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? வீட்டிலேயே கணக்குப் போட 22 குறிப்புகள்

எட்டு டம்ளர் என்கிறார் ஒருவர். மூன்று லிட்டருக்குக் குறையக்கூடாது என்கிறார் இன்னொருவர். காலையில் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் குடித்தால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஏசி அறையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கும், மே மாத வெயிலில் கம்பி கட்டுபவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? உடல் எடை, வேலை, வெயில், சாப்பாடு, உடல்நிலை இந்த ஐந்தையும் பார்த்து உங்கள் அளவை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். அதற்கான குறிப்புகள் இதோ.

1. எட்டு டம்ளர் வேதவாக்கு இல்லை. 1945-ல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் பொருத்தமான அளவு என்றது. அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் கூடவே எழுதியது. முதல் வரியை உலகம் பிடித்துக்கொண்டது, அடுத்த வரியை விட்டுவிட்டது. எட்டு டம்ளர் கணக்கு இங்கிருந்து வந்திருக்கலாம் என்பது பலருடைய கருத்து. இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்த உடலியங்கியல் பேராசிரியர் ஹைன்ஸ் வால்டின், அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று 2002-ல் எழுதினார்.

2. 'மொத்த நீர்' வேறு, 'குடிக்கும் தண்ணீர்' வேறு. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2004-ல் சொன்ன அளவு ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் சொன்னது ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 2 லிட்டர். இரண்டுமே சாப்பாடு, காபி, பால், பழம் எல்லாவற்றிலிருந்தும் கிடைக்கும் நீரைச் சேர்த்த கணக்கு. இதைப் படித்துவிட்டு 3.7 லிட்டர் வெறும் தண்ணீரைக் கஷ்டப்பட்டுக் குடிக்க வேண்டாம்.

3. முதலில் உங்கள் டம்ளரை அளந்து பாருங்கள். காபி டம்ளர், தண்ணீர் டம்ளர், விருந்தாளி டம்ளர் என்று நம் வீட்டில் எத்தனையோ அளவு. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் டம்ளரில் ஊற்றுங்கள். விளிம்பு வரை வேண்டாம், கை படாமல் எடுத்துக் குடிக்க எவ்வளவு விடுவீர்களோ அந்த மட்டத்துக்கு ஊற்றினால் போதும். ஐந்து டம்ளர் வந்தால் ஒன்று 200 மி.லி.; நான்கு வந்தால் 250; மூன்று போக அடியில் கொஞ்சம் மிஞ்சினால் 300. இது தெரியாமல் எண்ணுகிற எண்ணிக்கையில் அர்த்தமில்லை. சொம்பிலிருந்து அண்ணாந்து குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் சொம்பையும் இப்படியே அளந்துவிடுங்கள்.

4. எடையை வைத்து அடிப்படை அளவு. நோய் இல்லாத பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 35 மி.லி. என்பது உணவியல் நிபுணர்கள் பயன்படுத்தும் பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 60 x 35 = 2,100 மி.லி. இது மொத்த நீர். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 400 மி.லி., சாப்பாட்டிலேயே வந்துவிடும். மீதி 1,700. காலையும் மாலையும் 150 மி.லி. காபி என்றால் 300 போனது. மதியம் ஒரு டம்ளர் மோர் 200. பாக்கி 1,200 மி.லி. 200 மி.லி. டம்ளரில் ஆறு டம்ளர் தண்ணீர். வெயில் இல்லாத நாளில், வீட்டுக்குள் இருப்பவருக்கு இதுவே போதும். உடல் பருமன் அதிகமாக உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு கூடுதலாகக் காட்டும். அவர்கள் 30-ஐயே வைத்துக்கொள்ளலாம்.

5. தட்டில் இருப்பதையும் எண்ணுங்கள். வெந்த சோற்றில் 70 சதவிகிதத்துக்குப் பக்கமாக நீர்தான். வெள்ளரிக்காயில் 95, தர்பூசணியில் 92 சதவிகிதம். சுரைக்காய், பூசணி, முள்ளங்கி, தக்காளி எல்லாம் தொண்ணூறைத் தாண்டும். ரசம், சாம்பார், நீர்மோர், கஞ்சி இருக்கும் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே நீர் கிடைத்துவிடும். பரோட்டா, பிஸ்கட், மிக்சர், பொரித்த தின்பண்டங்களால் ஓடிய நாளில் தண்ணீரை இரண்டு டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள்.

6. காபி, டீ கணக்கில் உண்டு. காபி குடித்தால் உடம்பில் உள்ள தண்ணீர் வற்றிவிடும் என்று சொல்வார்கள். வழக்கமாகக் குடிப்பவர்கள் நாளைக்கு இரண்டு மூன்று டம்ளர் குடிப்பதால் அப்படி ஆவதில்லை. அந்த நீர் உடம்பில் சேரத்தான் செய்கிறது. ஆனால், தாகத்துக்கு காபி, டீயே குடித்துக்கொண்டிருந்தால் சர்க்கரையும் சேர்ந்து ஏறும். பாட்டில் குளிர்பானங்களில் 100 மி.லி.க்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். மதுவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறுநீரைப் பெருக்கி, இருக்கும் நீரையும் வெளியேற்றும் வேலையை அது செய்யும்.

7. வெயிலுக்கு என்று தனியாகக் கூட்டுங்கள். கட்டட வேலை, வயல் வேலை, உப்பளம், செங்கல் சூளை, டெலிவரி வேலை என்று வெயிலில் நிற்பவர்களுக்கு மேலே போட்ட கணக்கு காணாது. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 240 மி.லி. வரை, என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லும் வழி. தாகம் எடுத்த பிறகு ஒரேயடியாக ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பதைவிட இது நல்லது. மணிக்கணக்கில் வியர்த்தால் உப்பும் போகும். உப்பு போட்ட நீர்மோர், கஞ்சி, எலுமிச்சைச் சாறு இடையிடையே வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. வியர்வையை அளக்க எடை மெஷின் போதும். ஒரு மணி நேரம் ஷட்டில் விளையாடப் போகிறீர்கள். போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, மெல்லிய உடையோடு டிஜிட்டல் மெஷினில் நில்லுங்கள். 65 கிலோ. திரும்பி வந்ததும் நனைந்த உடையை மாற்றி, உடம்பைத் துடைத்துவிட்டு அதே மெஷினில் ஏறுங்கள். 64.2 கிலோ. குறைந்தது 800 கிராம். இடையில் 300 மி.லி. தண்ணீர் குடித்திருந்தால் அதையும் கூட்டுங்கள். ஆக, அந்த ஒரு மணி நேரத்தில் போன வியர்வை சுமார் 1.1 லிட்டர். குறைந்த 800 கிராமுக்கு 800 மி.லி.க்குச் சற்று மேலாக, அடுத்த சில மணி நேரத்தில் மெதுவாகக் குடித்து ஈடுகட்டலாம். ஒருமுறை கோடையிலும் ஒருமுறை மார்கழியிலும் இப்படி அளந்து வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க உதவும்.

9. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். எந்தக் கணக்கு சரியாக வந்தது, எது தப்பியது என்பதைக் கடைசியில் சொல்வது இதுதான். வெளிர் மஞ்சளாக, வைக்கோல் நிறத்தில் இருந்தால் அளவு சரி. அடர் மஞ்சளாக, கொஞ்சமாக, நெடியோடு போனால் தண்ணீர் போதவில்லை. நாள் முழுக்க நிறமே இல்லாமல், மணிக்கொரு தரம் போய்க்கொண்டிருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். காலையில் முதலில் போவது எப்போதுமே சற்று அடர்த்தியாக இருக்கும். முற்பகலிலும் மாலையிலும் பார்ப்பதே சரி.

10. நிறம் ஏமாற்றும் நேரங்களும் உண்டு. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிவக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு ஆரஞ்சு நிறமாகும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர் நன்றாகக் குடித்தும் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, காரணம் இல்லாமல் சிவந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

11. இளைஞர்கள் தாகத்தை நம்பலாம், முதியவர்கள் நம்பக்கூடாது. ஆரோக்கியமான உடம்பு, ரத்தம் கொஞ்சம் அடர்த்தியானதுமே தாகத்தைக் கிளப்பிவிடும். வயது ஏற ஏற அந்த உணர்வு மங்கும். வீட்டில் தாத்தா, பாட்டி "தாகமே இல்லப்பா" என்றால் அது உண்மைதான். அதற்காக விட்டுவிடக்கூடாது. மாத்திரை போடும்போது ஒரு மடக்கோடு நிறுத்தாமல் ஒரு டம்ளர் கொடுங்கள். ரசம், கஞ்சி, மோர் என்று மாற்றிக் கொடுங்கள். இரவில் எழுந்து போக வேண்டுமே என்ற பயத்தில் குடிக்காதவர்களுக்கு, மாலை ஆறு மணிக்குள் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவது நல்லது. தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை இவர்களிடம் பலிக்காது. வயதான தோல் எப்போதுமே தளர்ந்துதான் இருக்கும். நாக்கு வறண்டிருக்கிறதா, திடீரென்று பேச்சில் குழப்பம் வருகிறதா என்று கவனியுங்கள்.

12. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். கோடையிலும் தாய்ப்பாலே போதும், தண்ணீர் தனியாக வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'தொண்டை காயும்' என்று பாலாடையில் தண்ணீர் புகட்டினால் குழந்தை குடிக்கும் பாலின் அளவு குறையும். தினமும் ஆறு முறைக்குக் குறையாமல் துணி நனைந்தால் பால் போதுமானதாக இருக்கிறது என்று பொருள்.

13. குழந்தைகளுக்கு வேறு கணக்கு. 1957-ல் ஹாலிடே, சேகர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், குழந்தைகளுக்கு எவ்வளவு சலைன் ஏற்றலாம் என்பதற்கு ஒரு வழி சொன்னார்கள். முதல் பத்து கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த பத்து கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. வீட்டிலும் இது கைகொடுக்கும். 15 கிலோ குழந்தைக்கு 1,000 + 250 = 1,250 மி.லி. 20 கிலோ என்றால் 1,500. பால், சாப்பாடு எல்லாம் இதற்குள் அடக்கம். ஓடியாடி விளையாடும் நாளில் கூடுதலாகக் கேட்கும், தாராளமாகக் கொடுங்கள்.

14. பள்ளி பாட்டிலைத் திறந்து பாருங்கள். காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்தால் காரணத்தைக் கேளுங்கள். பல நேரம் மறதியாக இருக்காது. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் குடிக்காமல் இருந்திருக்கும். அதை வகுப்பு ஆசிரியரிடம் சொல்லத் தயங்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க என்றே மணி அடிக்கும் 'வாட்டர் பெல்' வழக்கம் 2019-ல் கேரளப் பள்ளிகளில் பரவியது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கலாம்.

15. பெண்கள் தள்ளிப்போடாதீர்கள். ஜவுளிக்கடையிலும் பேருந்துப் பயணத்திலும் கழிப்பறை கிடைக்காது என்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைப்பவர்கள் ஏராளம். அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி சிறுநீர்த்தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களைக் கவனித்தார்கள். தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பயணம் என்றால் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வழக்கம்போல் குடித்துவிட்டு, கிளம்பும்போது கழிப்பறைக்குப் போய்விட்டு, வழியில் சிறு சிறு மடக்காகக் குடியுங்கள்.

16. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும். ஐரோப்பிய ஆணையத்தின் கணக்குப்படி, கர்ப்ப காலத்தில் வழக்கமான அளவோடு 300 மி.லி., பாலூட்டும்போது 700 மி.லி. கூடுதல் தேவை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று தடுப்பது தவறு. குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

17. கல் இருந்தவர்கள் குடிப்பதை அல்ல, போவதை அளக்க வேண்டும். சிறுநீரகக் கல் மறுபடி வராமலிருக்க, நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்று சிறுநீரியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்து பாருங்கள். காலையில் முதலில் போவதை விட்டுவிடுங்கள். அதன்பின் மறுநாள் காலை முதலில் போவது வரை எல்லாவற்றையும் அளவுக் கோடு போட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் பாத்திரத்தில் பிடியுங்கள். ஒன்றரை லிட்டர்தான் வந்தது என்றால், இன்னும் ஒரு லிட்டர் கூடுதலாகக் குடிக்க வேண்டும் என்பது கணக்கு.

18. சிலருக்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் மருந்து. இதய பலவீனம், முற்றிய சிறுநீரக நோய், ஈரல் பாதித்து வயிற்றில் நீர் கோத்தவர்கள் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போடக்கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். குழம்பு, காபி, இட்லி சாம்பார் எல்லாம் அதற்குள்தான். இவர்கள் காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவை ஊற்றி வைத்துக்கொள்வது வசதி. காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம்; சிறுநீரக நோயாளிகள் கேட்காமல் குடிக்கக்கூடாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ, கால் வீங்கினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

19. அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து. நம் சிறுநீரகங்களால் ஒரு மணி நேரத்தில் வெளியேற்ற முடிவது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதைத் தாண்டி வேகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். 2007-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வானொலி நிலையம் நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட இளம் தாய் ஒருவர் இப்படித்தான் இறந்தார். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவிகிதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டரை ஒரே மூச்சில் குடிக்கும் 'வைத்தியம்' வேண்டவே வேண்டாம். காலையில் ஒன்றிரண்டு டம்ளர் போதும்.

20. பேதி, வாந்திக்கு வெறும் தண்ணீர் போதாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) வேண்டும். பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள். சிறிய பாக்கெட் 200 மி.லி.க்கு உரியது, உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். கரைத்ததை மறுபடி காய்ச்சக்கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத இனிப்புப் பானங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்கும்போது கவனியுங்கள். குழந்தை ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமல், கண் குழிந்து, கண்ணீர் இல்லாமல் அழுதால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

21. நோன்பும் நடைப்பயணமும். ரமலான் நோன்பு இருப்பவர்கள் விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்தில் ஒரே மூச்சாகக் குடித்தால் பெரும்பாலும் சிறுநீராகப் போய்விடும். நோன்பு திறந்ததிலிருந்து தூங்கும் வரை மணிக்கு ஒரு டம்ளர் என்று பிரியுங்கள். நோன்புக் கஞ்சியில் நீர், உப்பு இரண்டுமே கிடைத்துவிடும். பழநிக்கு நடப்பவர்கள் வழியில் தாகசாந்திப் பந்தலைக் கண்டால் இருந்து, ஒரு டம்ளர் மோரோ தண்ணீரோ குடித்துவிட்டுப் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன் நடையை முடிப்பது தண்ணீர்த் தேவையையே குறைக்கும்.

22. கேன் தீரும் நாளைக் குறித்து வையுங்கள். கேன் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது எளிய தணிக்கை. நான்கு பெரியவர்கள் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணீர் குடித்தால் நாளைக்கு ஆறு லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்றரை நாளைத் தாண்டக் கூடாது. சமையலுக்கும் அதையே எடுத்தால் இன்னும் சீக்கிரம் தீரும். எல்லாரும் வீட்டில் இருந்த வாரத்திலும் ஐந்து நாள் வருகிறதா? யாரோ குடிக்கவில்லை. யார் என்று கண்டுபிடியுங்கள்.

இன்றைக்கே ஒரு தாளில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், எடை, தேவையான அளவு, அவரவர் டம்ளரில் எத்தனை என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கோடை பிறந்ததும் ஒருமுறை, மழைக்காலம் வந்ததும் ஒருமுறை அந்தத் தாளைத் திருத்துங்கள். அதற்கு மேல் டம்ளரை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் வரை உங்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது.